புனையா ஓவியத்து முகங்கள்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் கணபதியில், பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும், நடையைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்தவுடன், சந்தனப் பொட்டும் மாலையுமாக அவ்வீட்டு அப்பாருவின் படமோ அப்புச்சியின் படமோ சுவரிலிருந்து நம்மை எதிர்கொள்ளும். எப்போதோ ஒரு கலியாணத்தில் எடுத்த சிறு புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைப் பெரிய சீலையில் விரித்து, தலைமயிரின் இழையும் சட்டைப் பொத்தானும் கைக்கடிகாரத்தின் முள்ளும் விட்டுப்போகாமல் எண்ணெய் வண்ணத்தில் வழவழப்பாக முடித்த படங்கள் அவை. பார்க்க வரும் உறவினர், "அச்சு அசலா அப்படியே இருக்காருங்க" என்று சொல்லிவிட்டால், வரைந்தவருக்கும் வரையச் சொன்னவருக்கும் அதற்கு மேலான பாராட்டு வேண்டியதில்லை.

இத்தகைய படங்களைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. நன்றியினாலும் பாசத்தினாலும் எழுந்தவை அவை, அவற்றை வரைந்த கைகளின் சிரத்தையும் வணங்கத்தக்கதே. ஆனால், அந்த ரசனை ஒன்றே ரசனை என்று நம்மிடையே நிலைபெற்றுவிட்டமையால், வேகமாக ஓடும் சில கோடுகளில், வண்ணமும் நிழலும் பெரும்பாலும் விடுபட, பார்த்த அந்த நேரத்தின் உயிர்த்துடிப்போடு எழுதப்படும் முகச் சித்திரம், 'அரைகுறை' என்ற பெயரைச் சுமக்க நேர்ந்துவிட்டது. "இன்னும் முடிக்கலீங்களா?" என்ற கேள்வியைக் கேளாத கோட்டோவியர் இந்த ஊரில் இருக்கமாட்டார். இப்படி நெகிழ்வாக வரைவது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமோஸ்தர் என்று எண்ணுவோரும் உண்டு. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர், தனி வகையாகவே பாராட்டினர், இதற்கென்று ஒரு பெயரும் வைத்திருந்தனர் என்பதை அவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள் என்று நம்பியே இதனை எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னனாகிய மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழிக் களஞ்சியம், உணவு முதல் யானைப் பயிற்சி வரை அரசனுக்குரிய சகல விஷயங்களையும் பேசுவதனிடையே சித்திரக் கலையையும் பேசுகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல் உருவ ஒற்றுமை முற்றும் அமைய எழுதுவதை 'வித்தம்' என்று ஒரு வகையாக அது வகுக்கிறது. வரைய வேண்டும் என்ற எண்ணம் திடீரென்று எழுந்த மாத்திரத்தில், முன்னேற்பாடு ஏதுமின்றி, வடிவத்தின் சாயல் மட்டும் கைகூடும்படி எழுதுவதை 'அவித்தம்' என்று மற்றொரு வகையாக வகுக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவெனில், இரண்டும் சித்திரத்தின் வகைகளாகவே அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன; பின்னது முன்னதன் முற்றுப்பெறாத நிலை என்று அந்நூல் கருதவில்லை. காமசூத்திரத்துக்கு உரை வகுத்த யசோதரர் சித்திரத்துக்கு ஆறு அங்கங்களைக் கூறும்போதும், உருவ வேறுபாடு, அளவு, பாவம், லாவண்யம் ஆகியவற்றுக்குப் பின்னரே ஒற்றுமையைச் சொல்லி, வண்ணங்களைக் கையாளுவதைக் கடைசியில் நிறுத்துகிறார்.

தமிழில் இச்செய்தி இன்னும் பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், பாசறை சென்ற தலைவனைப் பிரிந்து, அணிகலன்களைக் களைந்து, அரண்மனைக் கட்டிலில் வருந்தியிருக்கும் அரசிக்குப் புலவர் நக்கீரர் காட்டும் உவமை, புனையா ஓவியம். வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவத்தை மட்டும் கோட்டில் வரைந்த சித்திரம் என்று நச்சினார்க்கினியர் அதற்கு உரை காண்கிறார். அணி இழந்த அரசியின் அழகு குன்றிவிட்டது என்று சொல்லுவதற்காகப் புலவர் இவ்வுவமையைத் தேடவில்லை. அலங்காரம் நீங்கிய நிலையில் அவளுடைய இயற்கை வடிவமும் உள்ளத்துத் துயரமும் முன்னிலும் துலக்கமாகத் தெரிகின்றன என்பதற்காகவே தேடினார் என்பது என் துணிபு. கோட்டோவியத்தை நின்று பார்த்துச் சுவைத்த ஒரு சமுதாயத்துக்கு அல்லாமல் வேறெவருக்கும் இவ்வுவமை விளங்கியிராது.

நூலில் உள்ளதைக் கண்ணால் காண வேண்டுவோர் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிற்றாலயங்களின் உட்சுவர்களில் அக்காலத்து ஓவியங்களின் எச்சங்கள் இருக்கின்றன. காலமும் ஈரமும் அவற்றின் வண்ணங்களைப் பெரிதும் கொண்டுபோய்விட்டன. பல இடங்களில் எஞ்சியிருப்பது, வண்ணத்துக்கு முன் ஓவியன் இட்ட காவி நிறக் கோடு. ஒரு தோளின் வளைவும், சாய்ந்த கழுத்தும், பாதி மூடிய இமையும் அந்தக் கோட்டிலேயே முழுமையாக நிற்கின்றன. பின்னால் வண்ணத்துக்குள் மறையப்போகும் கோடுதானே என்று அந்த ஓவியன் அதில் அலட்சியம் காட்டவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலிலோ கதை வேறு. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்ளறைச் சுவர்களில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் ராஜராஜ சோழனும் அவன் குருவாகிய கருவூர்த் தேவரும் என்று பலரும் கொள்ளும் இரட்டை உருவம் ஒன்று உண்டு. கருவூர் நம் கொங்கு மண்டலத்தின் பழம்பதியாதலால், அந்தத் தாடி வைத்த முதியவரின் முகத்தைக் காணும்போது நமக்குத் தனியான உரிமை ஒன்று தோன்றுவது இயல்பே. வண்ணம் பூசிய ஓவியமானாலும், அம்முகத்துக்கு உயிர் கொடுப்பது அதன் புறவரைகோடும் தாடியின் இழைகளாக இறங்கும் மெல்லிய தீற்றல்களுமே. வெளிச்சமும் நிழலுமாகத் தசையைத் திரட்டிக் காட்டும் முயற்சியை அங்கே காண முடியாது.

கோட்டு வடிவம் பெரியதா, முடிக்கப்பட்ட வண்ண ஓவியம் பெரியதா என்ற கேள்விக்கு ஒரே பொருளில் இரண்டையும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உலகக் கலை வரலாற்றில் எப்போதாவதுதான் கிட்டுகிறது. அத்தகைய வாய்ப்பு ஒன்றை முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். 1618 இல், அவருடைய அரசவையைச் சேர்ந்த இனாயத் கான் என்பவர், அபினும் மதுவும் தின்று தீர்த்த உடலோடு, விடைபெற்றுச் செல்ல வந்தபோது, எலும்பின்மேல் தோல் போர்த்தாற்போன்ற அந்த உருவத்தைக் கண்டு திகைத்த சக்கரவர்த்தி, உடனே ஓவியர்களை அழைத்து அதனைப் பதிவு செய்யுமாறு ஆணையிட்டார் என்று அவர் தம் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். மறுநாள் அம்மனிதர் இறந்துபோனார். அன்று நேரில் பார்த்து எழுதிய தூரிகைச் சித்திரம் இன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே நிலையை முழு வண்ணத்தில் முடித்த ஓவியம் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

இரண்டின் படிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் வியப்படையாமல் இருக்க முடியாது. வண்ண ஓவியத்தில் திண்டும் தலையணையும் விரிப்பும் தத்தம் நிறங்களோடு கண்ணைக் கவருகின்றன. அந்த அழகிய பொருள்களின் நடுவே நோயாளியும் ஒரு பொருளாக அமைதியடைந்துவிடுகிறார். தூரிகைச் சித்திரத்திலோ திண்டு வெறும் வளைகோடு. விரிப்பு கிட்டத்தட்ட இல்லை. கண், குழிந்த கன்னம், விலா எலும்புகள், குச்சி போல் நீண்ட கை ஆகிய இவ்விடங்களில் மட்டும் ஓவியனுடைய தூரிகை நின்று உழைத்திருக்கிறது. உறங்குபவனை உயிரோடும், இறந்தவனை உயிரின்றியும் வேறுபடுத்தி எழுத வல்லவனே சித்திரம் அறிந்தவன் என்பது விஷ்ணுதர்மோத்தர புராணத்துச் சித்திரசூத்திரத்தின் கருத்து. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்த ஒருவனை எழுதிக் காட்டிய அந்த முகலாய ஓவியன், அந்தப் பரீட்சையில் கோட்டைக் கொண்டே தேறினான். நான் அறிந்த முகச் சித்திரங்களில் இதற்கு நிகராக வைக்கத்தக்கவை மிகச் சில.

முகலாய ஓவியங்களின் இந்தக் கோட்டு லாகவம் கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. ஹாலந்து தேசத்து மாமேதை ரெம்பிராண்ட், 1650 களின் பிற்பகுதியில், தமக்குக் கிடைத்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட படிகளைக் கீழ்த்திசைக் காகிதத்தில் மையினால் எழுதினார்; ஷாஜஹானின் உருவமும் அவற்றுள் அடங்கும். இன்னும் கிழக்கே, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனத்து லியாங் காய் என்பவர், கவிஞர் லீ பாய் நடந்து செல்வதை எழுதிய சித்திரத்தில் அங்கி முழுவதையும் எண்ணிவிடக்கூடிய சில வீச்சுக்களில் முடித்துவிட்டு, முகத்தில் மட்டும் மெல்லிய கோடுகளைச் செலுத்தினார். அச்சித்திரம் டோக்கியோவில் இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்த வெ. ராமலிங்கம் பிள்ளை, கவிஞராக அறியப்படுவதற்கு முன் உருவப்படம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மோகனூரில் 1888 இல் பிறந்த அவர் எழுதியவை பெரும்பாலும் முழுமையான வண்ணப் படங்களே. எனினும் கோட்டுக்கலைக்கு அவர் செய்த தொண்டு ஒன்று உண்டு. நாமக்கல்லில் 1919 இல் பிறந்த பி. எம். சீனிவாசன் என்னும் இளைஞரின் கைத்திறனைக் கண்டுகொண்டு, சென்னை ஓவியப் பள்ளியில் சேர ஊக்குவித்தவர் அவரே. அந்த இளைஞர்தாம் பின்னாளில் 'சில்பி' என்ற பெயரில், 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரின் வாயிலாக, ஆலயச் சிற்பங்களைப் பேனாக் கோட்டில் ஆனந்த விகடன் வாசகர்களின் வீடுதோறும் கொண்டு சேர்த்தார். சில்பியின் கோடு நெகிழ்வானதன்று, மிக நுணுக்கமானது. ஆனாலும் கறுப்பு மை ஒன்றைக் கொண்டே கல்லின் கனத்தையும் தெய்வ முகத்தின் சாந்தத்தையும் காட்டிவிட முடியும் என்பதைத் தமிழ்நாட்டுச் சாமானிய வாசகர் அவரிடம் கற்றுக்கொண்டனர்.

நெகிழ்ந்த கோட்டைக் கற்பித்தவர் வேறொருவர். அதே விகடனில் 'மாலி' என்று கையெழுத்திட்ட மகாலிங்கம், சங்கீத வித்வான்கள் மேடையில் பாடும் நிலையை நேரில் கவனித்து எழுதிய சித்திரங்களில், ஒருவர் கழுத்தை நீட்டும் விதம், மற்றொருவர் தாளம் போடும் கையின் வீச்சு, இன்னொருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியை எட்டும் பிரயாசை ஆகியவற்றை இரண்டு மூன்று வளைவுகளில் பிடித்துவிடுவார். அவற்றை நகைச்சுவைப் படங்கள் என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. அந்த வித்வான்களைப் பற்றிய புகைப்படங்கள் தரும் செய்தியைவிட அதிகமான செய்தியை அவை தருகின்றன. மாலியின் வழியில் வந்த கோபுலு, தஞ்சையில் பிறந்து கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் பயின்றவர், அந்தக் கோட்டை இன்னும் எளிமையாக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓடவிட்டார்.

இத்தனை ஓடைகளும் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் என்று நான் கருதுவது, கே. எம். ஆதிமூலம் எழுதிய காந்தியடிகள் வரிசையை. அதற்கு முன் ஒரு செய்தி. சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரிக்குப் பின் 1957 இல் முதல்வர் பொறுப்பை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர் பிறந்தது நம் கோயம்புத்தூரில், ஆண்டு 1911. மேல்நாட்டு முறையில் தேர்ந்தவராக இருந்தும், நம் நாட்டுக் கலைக்கு நம் மரபிலிருந்தே ஒரு மொழி வேண்டும் என்று தேடிய அவர், அந்த மொழியின் எலும்பு கோடுதான் என்பதைத் தம் மாணவர்களுக்கு உணர்த்தினார். அவரும் சிற்பி எஸ். தனபாலும் ஆசிரியர்களாக இருந்த அந்தச் சூழலில், 1960 களில் பயின்று வெளிவந்தவர் ஆதிமூலம். துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938 இல் பிறந்த அவர், காந்தியடிகள் மறைந்தபோது பத்து வயதை எட்டும் பருவத்துச் சிறுவர். காந்தி நூற்றாண்டாகிய 1969 ஐ ஒட்டி, மகாத்மாவின் உருவத்தை ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களில் அவர் எழுதினார்.

காந்தியடிகளின் உருவத்தைக் கோட்டில் எழுதுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ், 1930 ஆம் ஆண்டு தண்டி யாத்திரையின் நினைவாக லினோ தகட்டில் செதுக்கி அச்சிட்ட உருவம், கரிய பின்னணியில் வெண்கோடுகளாகக் கோலூன்றி நடக்கும் அந்த உருவம், நாடெங்கும் பரவியிருந்தது. நந்தலால் கண்ட காந்தி ஒரு சின்னம். அசையாத உறுதியின் வடிவம். ஆதிமூலம் கண்ட காந்தியோ ஒவ்வோர் ஏட்டிலும் மாறுகிறார். சிலவற்றில் பேனாக் கோடுகள் புதர்போல் நெருங்கிப் பின்னி, அந்த அடர்த்தியிலிருந்து நெற்றியும் மூக்கும் மெல்ல வெளிப்படுகின்றன. சிலவற்றில் போர்வையின் ஒரு நீண்ட மடிப்பும் குனிந்த தலையும் அன்றி வேறொன்றும் இல்லை. ஆயினும் எவரும் பெயர் சொல்ல வேண்டாமல் அவரை இன்னாரென்று அறிகிறோம். மூக்குக் கண்ணாடியின் வட்டத்தை முழுமையாக எழுதுவதற்குக்கூட அந்தப் பேனா பல இடங்களில் நிற்பதில்லை. கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே பார்ப்பவருடைய ஞாபகம் வந்து அதனை நிரப்பிவிடுகிறது. தமிழர்கள் காந்தியை நெஞ்சில் சுமந்திருந்த காலம் அது என்பதை ஓவியர் அறிந்திருந்தார். அந்த நெஞ்சங்களையும் ஓவியத்தில் பங்கு கொள்ளச் செய்தார்.

பின்னர் அவர் பழங்கால அரசர்களை ஒரு வரிசையாக வரைந்ததும், சிறுபத்திரிகைகளிலும் நூல் அட்டைகளிலும் எழுத்தாளர்களின் முகங்களை எழுதியதும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அக்கரிசல் மண்ணின் மனிதர்களைக் கோடுகளில் நிறுத்தியதும், வண்ணத்தில் அரூப ஓவியங்களை எழுதிப் பெரும் புகழ் பெற்றதும் தனியே எழுத வேண்டிய வரலாறு. 2008 ஜனவரியில் அவர் மறைந்தார். அந்தக் காந்தி வரிசையை விஞ்சுகிற ஒரு முகச் சித்திரத் தொகுதி தமிழ்நாட்டில் அதற்குப் பின் தோன்றவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கோயம்புத்தூருக்கென்று மற்றொரு பரம்பரையும் இருந்தது. கொட்டகைகளின் முகப்பில் நின்ற சினிமா பேனர்கள் அவை. அருகே சென்று பார்த்தால் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டான வீச்சுக்கள். சாலையின் எதிர்ப்புறம் சென்று திரும்பினால் கதாநாயகனின் கன்னமும் கண்ணீரும். இருபதடி முகத்தை ஓரிரு நாளில் முடித்தாக வேண்டிய அவசரம், தேவையற்ற தீற்றல் ஒன்றையும் இடாத கையை அந்தத் தொழிலாளர்களுக்கு அளித்தது. தந்தையாரின் பேனர் கூடத்தில் வளர்ந்து, அத்தொழிலைத் தாமும் செய்து, 'திரைச்சீலை' என்னும் நூலையும் எழுதிய ஓவியர் ஜீவா போன்றவர்கள் இந்தப் பரம்பரையின் பெருமையை நம் ஊரில் நிலைநிறுத்தினர். பிளெக்ஸ் அச்சு வந்தபின் அந்தக் கூடங்கள் மூடிக்கொண்டன. ஆலயத்து ஓவியத்தைப் பேணுவதற்குக் காட்டும் கவலையில் ஒரு சிறு பங்கையேனும் அந்தக் கைகளுக்கு நாம் காட்டியிருக்க வேண்டும்.

வரையும் முறையைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கணபதியில் வார்ப்படப் பட்டறைகள் மலிந்த ஒரு தெருவில், நீண்டகாலம் பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை, என் நண்பரான ஓவியர் ஒருவர் திண்ணையில் அமர்த்தி எழுதியதை அருகில் இருந்து பார்த்தேன். நண்பர் முதலில் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. பெரியவர் பேச்சுக் கொடுத்தார், இவர் பதில் சொல்லிக்கொண்டே பார்த்திருந்தார். பின்னர்ப் புளியமிலாற்றைச் சுட்டுச் செய்த கரித்துண்டினால், தலையின் சாய்வுக்கு ஒரு கோடு, தோள்களின் சரிவுக்கு ஒரு கோடு, அவ்வளவே, நிழல்போல் இட்டுக்கொண்டார். அதன்பின் கறுப்பு மையில் தோய்த்த தூரிகை. உலைச் சூட்டைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய இடக் கண்ணில் தொடங்கினார்; அந்தக் கண்ணுக்கு மேல் இமையில் அழுத்தமாக ஓர் இழுப்பு, கீழ் இமைக்கு ஒரு புள்ளி. புருவத்திலிருந்து மூக்கின் தண்டுக்கு இறங்கிய கோடு நுனியில் தடித்து நின்றது. வலக் கன்னத்துக்கு எல்லைக்கோடே இடவில்லை. காது இருக்கும் இடத்தில் ஒரு சிறு வளைவு கன்னம் எங்கே முடிகிறது என்பதைச் சொல்லிவிட்டது. தோளில் கிடந்த துண்டை, காய்ந்துகொண்டிருந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுத்த ஒரே இழுப்பில் முடித்தார். அந்த இழுப்பு சொரசொரவென்று விழுந்ததே துண்டின் நெசவாயிற்று.

பெரியவர் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏந்தம்பி, இந்தப் பக்கம் கன்னத்தைக் காணோமே?" என்றார். "உங்களுக்குத் தெரியுதுங்களா பெரியவரே, அங்க கன்னம் இருக்கறது?" என்று நண்பர் கேட்டார். "இருக்குதுன்னு தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

இம்முறையில் எழுத விரும்பும் இளைஞர்கள் கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. கோடு நெகிழ்ந்திருப்பதனால் பார்வையும் நெகிழ்ந்திருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மண்டையோட்டின் அமைப்பும், கழுத்துத் தசை தோளெலும்பில் வந்து சேரும் விதமும், கண்மணியை இமை எவ்வளவு மறைக்கிறது என்பதும் கைக்குப் பழகிய பிறகே அவற்றை விட்டுவிடும் சுதந்திரம் கைக்கு வருகிறது. அழிப்பானைத் தூர வைப்பது நல்ல அப்யாசம். மையில் எழுதினால் அழிக்க வழியே இல்லாமையால், ஒவ்வொரு கோட்டுக்கும் முன் ஒரு கணம் மனம் தயங்கிக் கணக்கிடுகிறது. அந்தத் தயக்கம் தாளில் தெரியக் கூடாது. தாளைத் தொட்டபின் கோடு ஓட வேண்டும். முகத்தில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, கண்ணானாலும் வாயின் ஓரமானாலும், அங்கே மட்டும் நுணுகி உழைத்து, மற்றவற்றை அதற்குத் துணையாகத் தளர விடுவது இனாயத் கானை எழுதிய ஓவியன் காட்டிய வழி. நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மேலும் ஒரு கோடு இட்டால் நன்றாகிவிடும் என்று தோன்றும் நேரத்தில் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்து முடிவு செய்வது உத்தமம்.

பார்க்கும் பயிற்சியும் வேண்டும். அவிநாசி சாலையில், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநராக இருந்த கஸ்தூரி சீனிவாசன் பெயரில் அமைந்த கலைக்கூடத்துக்கு, ஓவியக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பள்ளிகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், குழந்தை நாலு கோட்டில் தன் ஆத்தாவை வரைந்து நீட்டும்போது, வண்ணம் எங்கே என்று கேட்காமல், கோட்டில் ஆத்தா தெரிகிறாளா என்று பார்த்தால் போதும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மாலியும் கோபுலுவும் ஆதிமூலமும் எழுதிய முகங்களுள் பெரும்பகுதி நாம் படித்து முடித்த வார இதழ்களிலும் தீபாவளி மலர்களிலும் சிறுபத்திரிகைகளிலும் அச்சாகியவை. மூலத் தாள்கள் பல எங்கே போயின என்பது தெரியாத நிலையில், அந்த அச்சுத் தாள்களே இன்று நம்மிடம் உள்ள சாட்சி. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பைண்டு வால்யூம்கள் இருந்தால், பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லையாயின், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்கு எழுதிக் கேட்டு அனுப்பிவையுங்கள்.